சுயம்புக்கனியைப் பூச்சி பிடித்து வைத்த பதினெட்டு நாள்

சாத்தாம்பாறை இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு போன சுயம்புக்கனி, பதினெட்டாம் நாள் சாயங்காலம்தான் வெளியே வந்தாள் என்று சொன்னால், வெளியூர்க்காரர்கள் உடனே கட்டடம் இடிந்து விழுந்ததா, சாவியை யாராவது தொலைத்துவிட்டார்களா என்று கேட்கிறார்கள். அதெல்லாம் ஒரு மண்ணும் இல்லை, ஒரு வண்ணத்துப்பூச்சி அவள் பின்கழுத்தில் வந்து உட்கார்ந்தது, உட்கார்ந்தது எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது, அதைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்க அந்த ஊரில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

நேரம் இல்லாமல் போனதற்குக் காரணம் அயர்லாந்து. சுயம்புக்கனிக்கு முப்பத்துநான்கு வயது, தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த ஞாயிற்றிலிருந்து எண்ணி மூன்றாவது வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம் ஏற வேண்டும், திங்கட்கிழமை டப்ளினுக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர வேண்டும், சேராவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தது. ஆங்கிலப் பரீட்சையை இரண்டு தடவை கோட்டைவிட்டு மூன்றாவது தடவை தேறி, ராத்திரி டூட்டி முடிந்து வந்து கண்ணில் தண்ணீரை அடித்துக்கொண்டு படித்து, ஆறு வருடம் போராடி வாங்கிய வேலை. புருஷன் லிங்கதுரை லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், நல்லவன், நாலு வார்த்தைக்கு மேல் ஐந்தாவது வார்த்தை பேசத் தெரியாதவன். மகள் பவிஷாவுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. இரண்டு வருடம் கழித்துத்தான் இனிமேல் பார்க்க முடியும் என்பதால், போவதற்குள் பிள்ளையைக் கடற்கரைக்குக் கூட்டிப் போவது, பரோட்டாக் கடைக்குக் கூட்டிப் போவது, வண்ணத்துப்பூச்சி காட்டுவது என்று சுயம்புக்கனி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தாள்.

எல்லாம் அந்தப் பிள்ளைக்காகத்தான் என்று லிங்கதுரையின் அக்காள் செல்லக்கிளி சொன்னாள், தெருவில் சொன்னார்கள், ஆஸ்பத்திரி மேட்ரன் வழியனுப்பு விழாவில் மைக்கைப் பிடித்துச் சொன்னாள், கேக்கின் மேலேகூட ஏறக்குறைய அதையேதான் எழுதியிருந்தார்கள். சுயம்புக்கனியும் சொன்னாள். நோயாளியிடம் சாப்பிட்டாச்சா, வெளிக்குப் போயாச்சா என்று கேட்கிற வாய் எப்படிக் கேட்கிறதோ அப்படி, யோசிக்காமலே வந்துகொண்டிருந்தது அவளுக்கு.

அருங்காட்சியகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். முன்கூடத்தில் ஒரு திமிங்கிலத்தின் எலும்பு, அதற்கு அடுத்து மீசை உதிர்ந்த பாடம் செய்த புலி, அதற்கடுத்து கண்ணாடி ஜாடிகளில் பாம்புகள், எல்லாம் தாண்டிப் பின்பக்கம் போனால் வலையும் கண்ணாடியுமாகக் கட்டிய உயரமான கூடம், அதற்குள்தான் உயிருள்ள வண்ணத்துப்பூச்சிகள். உள்ளே வெக்கையும் ஈரமும் முகத்தில் அறையும். உண்ணிச்செடிகள், இட்லிப்பூச் செடிகள், அழுகத் தொடங்கிய வாழைப்பழத் தட்டுகள், சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு வைத்த கிண்ணங்கள், நடுவே வளைந்து வளைந்து போகிற சிமெண்டுப் பாதை. போகும்போது இரண்டு கதவு, வரும்போது இரண்டு கதவு. இரண்டுக்கும் நடுவில் நாலு சுவரிலும் கண்ணாடி பதித்த சின்ன அறையில் அமலோற்பவம் என்கிற அம்மாள் நிற்பாள். வெளியே போகிற ஒவ்வொருவரையும் ஒரு சுற்றுச் சுற்ற வைத்து, சட்டைக் காலர், சடை, பைக்கம்பி, குடை மடிப்பு எல்லாம் பார்த்து, எங்காவது பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தால் கைக்குழந்தைக்குத் தலை சீவுகிற மெத்தென்ற பிரஷால் தட்டி உள்ளே விட்டுவிட்டுத்தான் அடுத்த கதவைத் திறப்பாள். பதினோரு வருடத்தில் ஒரு பூச்சிகூட அவளைத் தாண்டி வெளியே போனதில்லை.

பவிஷா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் சிலை மாதிரி நின்றாள், ஒரு பூச்சியும் சீந்தவில்லை. சுயம்புக்கனிக்கோ நிற்கக் கால் கிடையாது. வேலை பிடித்துக் கொடுத்த ஏஜென்ட் அனுப்பிய செய்தியைப் போனில் பார்த்துக்கொண்டே முன்னால் நடப்பாள், திரும்பி வருவாள், ஆச்சா பிள்ள, போலாமா என்பாள், மறுபடி நடப்பாள். அவள் மேல்தான் அது வந்து உட்கார்ந்தது. கறிவேப்பிலை அழகி என்று பெயர், கறுப்பு இறக்கையில் வெள்ளைப் பொட்டு வரிசையாக இருக்கும், அன்று காலைதான் கூட்டை உடைத்துக்கொண்டு வந்திருந்தது.

கண்ணாடி அறையில் அமலோற்பவம் அவளைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பிரஷால் தட்டினாள். போகவில்லை. வாயால் ஊதினாள், போகவில்லை. பிறகு இறக்கை இரண்டையும் சேர்த்து, பூக்காரி முல்லையை எடுக்கிற பதத்தில் இரண்டு விரலால் பிடித்து மேலே தூக்கினாள்; பூச்சியோடு சேர்ந்து சுயம்புக்கனியும் தரையை விட்டு மூன்று விரற்கடை உயரம் எழுந்தாள், செருப்பு இரண்டும் கீழேயே கிடந்தது. இறக்கினாள், மறுபடி தூக்கினாள், மறுபடியும் எழுந்தாள். மூன்றாம் தடவை, கூட வந்திருந்த லிங்கதுரை மனைவியின் காலைப் பிடித்துக்கொள்ள, அவனுடைய கையும் சேர்ந்து உயர்ந்ததே தவிர வேறு ஒன்றும் நடக்கவில்லை. வலிக்கிறதா என்று கேட்டதற்கு, வலியெல்லாம் இல்லை, நேரமாகிறது என்றாள் சுயம்புக்கனி. இது வராது என்று, மழைக்காலத்தில் இறுகிப்போன ஜன்னலைச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு அமலோற்பவம் காப்பாட்சியரைக் கூப்பிடப் போனாள்.

காப்பாட்சியர் இளவழுதி மரியாதையான மனிதர். வந்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், ஒரு தடவை தூக்கச் சொல்லி ஸ்கேலை வைத்து அளந்து எழுதிக்கொண்டார். பிறகு சிஸ்டரை உட்காரச் சொல்லி விஷயத்தை விளக்கினார். உள்ளே இருக்கிற ஒவ்வொரு பூச்சியும் வனத்துறைத் தாளில் ஏறிய உயிர். உயிரோடு ஒன்று இந்தக் கதவைத் தாண்டினால் அது கடத்தல், கேஸ் ஆகிவிடும், அவர் பேரிலும் ஆகும், சிஸ்டர் பேரிலும் ஆகும். செத்ததென்றால் ஒரு படிவம் இருக்கிறது, அரை நிமிஷ வேலை, தாராளமாகக் கொண்டு போகலாம். சிஸ்டர் என்கிற மனுஷி எப்போது வேண்டுமானாலும் போகலாம், அவரைத் தடுக்க இந்த நிறுவனத்துக்கு எந்த அதிகாரமும் கிடையாது, பூச்சியை மட்டும் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

கேஸ் என்ற சொல்லைக் கேட்டதும் சுயம்புக்கனி போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். போலீஸ் ஸ்டேஷனில் பெயர் ஏறினால் விசா அந்த நிமிஷமே செத்தது என்று ஏஜென்ட் பல தடவை சொல்லியிருந்தான். பக்கத்து ஊரில் ஒருத்தி, புருஷன் யாரையோ அடித்த கேஸால் கிடைத்த வேலையை இழந்து இன்னும் புலம்பிக்கொண்டிருந்தாள். இது எத்தனை நாள் இருக்கும் சார் என்று மட்டும் கேட்டாள். காப்பாட்சியர் புத்தகத்தைப் புரட்டி, இந்த இனத்துக்குப் பதினான்கு நாள்தான் ஆயுசு என்றார். எல்லாருக்கும் அப்பாடா என்றிருந்தது. பதினான்கு போனால் ஆறு நாள் மிச்சம் இருக்கிறது, பெட்டி கட்ட ஆறு நாள் போதாதா, இருந்துவிட்டு வா என்று செல்லக்கிளி போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அப்படித்தான் சுயம்புக்கனி அங்கே தங்கினாள். கூட்டுப்புழுக்களை வைக்கிற சின்ன அறை கூடத்துக்கு உள்ளேயே ஓர் ஓரமாக இருந்தது, அதில் குழாயும் கழிப்பறையும் இருந்தன, பாய் போட இடம் இருந்தது. குப்புறப் படுக்கப் பழகினாள், கழுத்துக்குக் கீழே மட்டும் குளிக்கப் பழகினாள், சடையை உச்சியில் கொண்டையாகப் போட்டுக்கொண்டாள். லிங்கதுரை காலையில் சவாரிக்குப் போகும் முன் தூக்குவாளியில் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவான், பவிஷா பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்து மூடுகிற நேரம் வரை பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். மிச்ச நேரமெல்லாம் சுயம்புக்கனி நடந்தாள். பாதை ஒரு சுற்றுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு தப்படி. விடிந்ததும் தொடங்கி வெயில் ஏறுமட்டும், வெயில் இறங்கியதும் மறுபடி தொடங்கி விளக்குப் போடுமட்டும், உண்ணிச்செடியைத் தாண்டி, இட்லிப்பூவைத் தாண்டி, வாழைப்பழத் தட்டைத் தாண்டி, மறுபடி உண்ணிச்செடிக்கு வந்து, நாளுக்கு நாள் வேகமாக நடந்தாள். மூன்றாம் நாளிலேயே மற்றப் பூச்சிகள் அவள் வருகிற சத்தம் கேட்டு ஒதுங்கிப் பறக்கக் கற்றுக்கொண்டன.

ஓரிடத்தில் தரிக்காத கால்களை அவள் பிறக்கும்போதே கொண்டுவந்திருந்தாள். இது யாருக்கும் தெரியாது: கல்யாணத்துக்கு முன்னாலும் சரி, பிறகும் சரி, வாரத்தில் ஒரு நாள் லீவு கிடைத்தால், டூட்டிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், எந்த பஸ் முதலில் கிளம்புகிறதோ அதில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், அங்கே ஒரு டீயைக் குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பி வருவாள். அந்த டீக்கு இருக்கிற ருசி வீட்டில் எந்தக் காப்பிக்கும் இருந்ததில்லை.

ஊர் அதற்குள் சுறுசுறுப்பாகிவிட்டது. முதலில் வந்தது சொந்தக்காரர்கள். பூச்சியாக வந்து உட்கார்ந்தது செத்துப்போன ஆள்தான் என்பதில் இரண்டு வீட்டாருக்கும் சந்தேகமே இல்லை, யார் வீட்டு ஆள் என்பதில்தான் சண்டை. மகளை வாசல் தாண்ட விடாமல் வளர்த்த சுயம்புக்கனியின் அப்பாதான், செத்தும் புத்தி மாறவில்லை என்று அவள் பிறந்த வீட்டார் சொன்னார்கள். அதெப்படி, எங்கள் வீட்டுக்கு வாழ வந்த பெண் கழுத்தில் எங்கள் வீட்டு ஆள்தான் உட்காரும், அது எங்கள் கொழுந்தம்மைப் பெரியம்மா, அவளுக்குத்தான் கறுப்புச் சேலை பிடிக்கும் என்று செல்லக்கிளி அடித்துச் சொன்னாள். இரண்டு தரப்பும் ஆளுக்கொரு நாள் வந்து சுயம்புக்கனியைக் குனியச் சொல்லி, பின்கழுத்திடம் குடும்ப விஷயம் பேசிவிட்டுப் போனார்கள். கொழுந்தம்மைக்குப் பிடிக்குமென்று அதிரசம் வந்தது, அப்பாவுக்குப் பிடிக்குமென்று சுக்குக் காப்பி வந்தது, எல்லாவற்றையும் சுயம்புக்கனிதான் சாப்பிட்டாள்.

அப்புறம் டிக்கெட் எடுத்து வருகிறவர்கள். நர்ஸம்மா சும்மாதானே இருக்கிறாள் என்று ஒரு பாட்டையா பிரஷர் பார்க்கச் சொன்னார், அதிலிருந்து தினமும் காலை வரிசை நின்றது; புண்ணுக்குக் கட்டுப் போட வந்தார்கள், சர்க்கரை மாத்திரையைக் காட்டிச் சந்தேகம் கேட்டார்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் வந்து கால் வீக்கத்தைக் காட்டிவிட்டு அப்படியே பூச்சியும் பார்த்துவிட்டுப் போனார்கள். நடந்துகொண்டே பிரஷர் பார்க்கிற நர்ஸ் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். நோயாளி ஒரு கையை நீட்டிக்கொண்டு அவள் கூடவே ஓடுவார். அருங்காட்சியகத்தில் இருக்கிற எதற்கும் விவரப் பலகை இல்லாமல் இருக்கக் கூடாது என்பதால் காப்பாட்சியர் ஒன்று எழுதி மாட்டினார்: சுயம்புக்கனி, செவிலியர், தொடாதீர்கள், தற்காலிகம். தலைமை அலுவலகத்துக்கும் அறிவுரை கேட்டுக் கடிதம் போட்டிருப்பதாகச் சொன்னார். வருகிறவர்கள் எல்லாம் முதலில் கேட்பது ஒன்றுதான், இன்னும் இருக்கா என்பார்கள், படுத்த படுக்கையாகக் கிடக்கிற பெரியவரைக் கேட்கிற குரலில். இருக்கு என்பாள் அவள். பிள்ளைக்காகப் போகிற மகராசி, சீக்கிரம் விட்டுவிடும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

பதினான்காம் நாள் சனிக்கிழமை. கூடம் நிறையச் சனம். காப்பாட்சியர் படிவத்தைப் பூர்த்திசெய்து, நேரம் மட்டும் எழுதாமல் கையில் வைத்திருந்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் அடக்கம் செய்யக் காலிப் பென்சில் டப்பாவுக்குள் பஞ்சு வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். சுயம்புக்கனி அன்று மட்டும் உட்கார்ந்தாள், எல்லாரும் அவள் முதுகுப் பக்கம் நின்றார்கள், அவளுக்கு அவர்கள் முகம் தெரியவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. ஐந்தரை மணி ஆயிற்று. பூச்சி இறக்கையை மூடியது, ஒரு கிழவி மூக்கைச் சிந்தினாள். பூச்சி இறக்கையைத் திறந்தது, காலை நக்குகிற கன்றுக்குட்டி மாதிரி சாவகாசமாக உறிஞ்சுகுழலைச் சுருட்டி நீட்டிச் சுத்தம் செய்துகொண்டது. அன்றைக்குக் கூட்டை விட்டு வந்ததைவிட இன்றைக்குத்தான் பளபளப்பாக இருக்கிறது என்று காப்பாட்சியர் ஒப்புக்கொண்டார். பவிஷா மட்டும் கூட்டத்தில் சேராமல் தூரத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஊரின் பேச்சு மாறிவிட்டது. ஐயோ பாவம் வாயில்லாத சீவன் என்று சொன்ன அதே வாய், ஒரு பூச்சிக்காக ஒரு குடும்பம் கெடுவதா என்று சொல்லத் தொடங்கியது. கொழுந்தம்மைப் பெரியம்மா என்று பேசிக்கொண்டிருந்த செல்லக்கிளி, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உன் கைப்பையில் ஸ்பிரிட் பாட்டில் எப்போதும் இருக்குமே, ஒரு சொட்டுப் பஞ்சில் தொட்டு வைத்தால் தூங்குகிற மாதிரி போய்விடும், நீ நர்ஸ், உனக்கா தெரியாது என்று காதோடு சொன்னாள். காப்பாட்சியர்கூட, செத்த காரணம் எழுத அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை என்பதைத் தானாக வந்து தெரிவித்துவிட்டு, மேலே வலையைப் பார்த்துக்கொண்டு போனார்.

எல்லாரையும்விட அவளைக் குத்தியது லிங்கதுரைதான். பதினாறாம் நாள் காலை தூக்குவாளியைக் கொடுத்துவிட்டு, கிளம்பாமல், வலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். அவனும் ஸ்பிரிட்டைப் பற்றித்தான் சொல்லப்போகிறான் என்று நினைத்தாள்.

"போகாட்டிதான் என்ன?" என்றான். "பிள்ளைக்காகத்தான போற. அவ இங்க நல்லாத்தான இருக்கா."

அவன் நல்ல மனசோடுதான் சொன்னான், அதுதான் கொடுமை. சுயம்புக்கனிக்கு நெஞ்சுக்குள் தீப்பிடித்தது போல் ஆத்திரம் வந்தது; ஆனால் அவன் சொன்னது அவள் ஆறு வருடமாக ஊர் முழுக்கச் சொல்லி வைத்ததன் மறுபாதிதான். நடக்கத் தொடங்கினாள். அன்றைக்கு நடந்த நடைக்குப் பாதையில் இருந்த பாசியெல்லாம் தேய்ந்து சிமெண்டு வெளுத்துவிட்டது.

பதினெட்டாம் நாள், புதன்கிழமை. நாளை மறுநாள் விமானம். மத்தியானம் கூடத்தில் யாரும் இல்லை, அமலோற்பவம் கண்ணாடி அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சுயம்புக்கனி கைப்பையிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து, பஞ்சைப் பிய்த்து, நனைத்தாள். எத்தனை உயிருக்கு முன்னால் நின்றிருக்கிறாள், எத்தனை பேருக்குக் கண்ணை மூடிவிட்டிருக்கிறாள், இது ஒரு பூச்சி. கையைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோனாள். ஸ்பிரிட்டின் குளிர்ச்சி பட்டு மயிர் சிலிர்த்தது, கை அங்கேயே நின்றது, பஞ்சு காய்ந்துபோனது. மறுபடி நனைத்தாள், மறுபடி காய்ந்தது. ஐந்தாறு தடவை ஆன பிறகு அலுத்துப்போய் பாட்டிலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு பாயில் குப்புறப் படுத்தாள், தூக்கம் வரவில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள்.

நாலேகாலுக்கு, தினமும் அம்மா அசந்து தூங்குகிற நேரத்துக்கு, பவிஷா வந்தாள். புத்தகப் பையை மெதுவாக இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. பாதையில் ஒரு கிண்ணம் நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு பின்கழுத்தில், பூச்சிக்குப் பக்கத்தில், ஈரமான பஞ்சு ஒன்று பட்டும் படாமலும் ஒற்றியது. சர்க்கரைத் தண்ணீரின் வாசம் வந்தது, ஒரு சொட்டு காதோரமாக வழிந்தது. பழகின கை. புதுசாகச் செய்கிற கைக்கும் பழகின கைக்கும் வித்தியாசம் நர்ஸுக்குத் தெரியாதா, இது தினமும் செய்கிற கை.

சுயம்புக்கனி எழுந்து உட்கார்ந்தாள். பவிஷா பஞ்சைப் பின்னால் மறைக்கவில்லை. ஒரு பக்கம் பாட்டில், ஒரு பக்கம் கிண்ணம், நடுவில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எத்தன நாளா?" என்று கேட்டாள் சுயம்புக்கனி.

"மொத நாள்லேருந்து. அது செத்துட்டா நீ போயிருவல்லா."

அவளுக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, உனக்காகத்தானே போறேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் பவிஷா சொன்னாள்.

"எனக்காகன்னா போவாண்டாம்மா. எனக்கு ஒண்ணும் வேண்டாம். நான் எல்லார்ட்டயும் சொல்லிருதேன், எனக்கு வேண்டாம்னு."

கண்ணாடிக் கூரையில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. சுயம்புக்கனி தன் கால்களைப் பார்த்தாள். உட்கார்ந்திருக்கும்போதே இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. இந்தப் பிள்ளையிடம் இப்போது பொய் சொன்னால், இது நம்பிவிடும், நம்பி, ஆயுசு பூராவும் அந்தப் பாரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கும் என்று தோன்றியது. அவளுக்குப் பயமாக இருந்தது, ஐசியுவில்கூட அப்படிப் பயந்ததில்லை.

"உனக்காக இல்ல," என்றாள். "எனக்குப் போணும். எனக்கே போணும் பிள்ள. நீ பொறக்கதுக்கு முன்னாலேயே போணும்னு இருந்துச்சு."

பவிஷா அழவில்லை. பஞ்சைப் பிழிந்து பிழிந்து கிண்ணத்தில் விட்டுக்கொண்டிருந்தாள். அப்ப என்னைப் பிடிக்காதா என்று கடைசியில் கேட்டாள். பிடிக்கும், ரொம்பப் பிடிக்கும், ஒரே இடத்தில் இருப்பதுதான் பிடிக்கவில்லை என்றாள் சுயம்புக்கனி. பிறகு, யாரிடமும் சொல்லாத அந்த பஸ் விஷயத்தையும், கடைசி நிறுத்தத்து டீயையும், ஒவ்வொரு ஊராக, பெயர் சொல்லிச் சொன்னாள். பவிஷா கேட்டாள். நடுவில் ஓர் ஊரைப் பற்றி மட்டும், அங்கே ஆறு இருக்கா என்று விசாரித்தாள். இருந்தது, பாலமும் இருந்தது என்றாள் சுயம்புக்கனி. சொல்லி முடிந்ததும் பவிஷா எழுந்து கிண்ணத்தை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து புத்தகப் பையை மாட்டிக்கொண்டாள்.

பூச்சி எப்போது போனது என்று இருவருமே பார்க்கவில்லை. மகளை வழியனுப்பக் கண்ணாடி அறைக்குள் வந்து நின்ற பிறகுதான் அது தெரிந்தது; அமலோற்பவம் வழக்கம் போலத் திருப்பினாள், கொண்டையைப் பார்த்தாள், காலரை விலக்கிப் பார்த்தாள், சந்தேகத்துக்கு இரண்டு தோளிலும் கையை வைத்துத் தூக்கிப் பார்த்தாள். சுயம்புக்கனி கனமாக இருந்தாள், தரையை விட்டு அசையவில்லை. அமலோற்பவம் வெளிக்கதவைத் திறந்துவிட்டாள். சுயம்புக்கனி கையை நீட்டினாள், பவிஷா பிடித்துக்கொள்ளவில்லை, பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பாம்பு ஜாடிகளையும் புலியையும் எலும்பையும் தாண்டி முன்னால் நடந்து போனாள்.

பூச்சி இறங்கியதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் இருந்தது. தான் நேர்ந்துகொண்ட கிடா வெட்டுதான் என்று செல்லக்கிளி சொன்னாள். புத்தகத்தில் அச்சுப்பிழை, பதினான்கு என்பதைப் பதினெட்டு என்று படிக்க வேண்டும் என்று காப்பாட்சியர் சொன்னார், பலகையைக் கழற்றிப் பத்திரமாக வைத்துக்கொண்டார். பிரஷர் பார்க்க வந்தவர்கள் இன்னும் இரண்டு வாரம் வந்து ஏமாந்து திரும்பினார்கள். தலைமை அலுவலகத்துக்குப் போட்ட கடிதத்துக்குப் பதில் நாலு மாதம் கழித்து வந்தது, மறு உத்தரவு வரும் வரை மேற்படியாரை வெளியே விட வேண்டாம் என்று. தாயும் மகளும் அந்த அறையில் என்ன பேசினார்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் பவிஷா சொல்கிற ஆளில்லை.

விமானம் ஏறும் வரை இருந்த அந்த இரண்டு நாளும் பவிஷா அம்மாவோடு தேவைக்குத்தான் பேசினாள். ரப்பர் எங்கே என்று கேட்டாள், யூனிஃபார்ம் காய்ந்ததா என்று கேட்டாள். சுயம்புக்கனி பெட்டி கட்டினாள், அழுதாள், கட்டினாள். சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தாள், சொல்லாமல் போயிருந்தால் என்று நினைத்துப் பார்த்தாள், இரண்டும் தாங்கவில்லை. ஆனால் போக வேண்டும் என்ற ஆசை மட்டும் ஓர் அணுக்கூடக் குறையவில்லை, அதற்காக அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை லிங்கதுரையின் லோடு ஆட்டோவிலேயே பெட்டிகளோடு திருவனந்தபுரம் போனார்கள். விமான நிலைய வாசலில் செல்லக்கிளி தம்பி மனைவியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பிள்ளைக்காகப் போறா, என் தங்கம் பிள்ளைக்காகப் போறா என்று பக்கத்தில் தள்ளுவண்டியோடு நின்ற யார் யாரிடமோ சொல்லிச் சொல்லி அழுதாள். அவர்களும் தலையை ஆட்டினார்கள், ஒரு அம்மாள் சுயம்புக்கனியின் கன்னத்தைத் தடவிக்கூடக் கொடுத்தாள். லிங்கதுரை பாஸ்போர்ட்டை மூன்றாம் தடவை சரிபார்த்துக் கையில் கொடுத்தான். காவலர் சீட்டைக் கேட்டார். சுயம்புக்கனி நகர்ந்தபோது பவிஷா துப்பட்டா முனையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த இழுப்புக்கு அவள் குனிந்தாள், குனிந்த காதில் பிள்ளையின் வாய் சூடாகப் பட்டது.

"அங்க போயி யாராவது கேட்டா, பிள்ளைக்காக வந்தேன்னு சொல்லாதம்மா."

"சொல்ல மாட்டேன்," என்றாள் சுயம்புக்கனி.